பார்க்கலாம், தொட முடியாது

தங்கை: இன்னும் மூணு மணி நேரம் பத்து நிமிஷம்தான் இருக்கு அக்கா. நாலரைக்கு நர்ஸ் ஸ்கூல் வேன் வாசல்ல வந்து நிக்கும். ஒன்பது கோட்டு சின்னம் தைக்காம அப்படியே கெடக்கு. நீ என்னடான்னா சாப்பிட்டியான்னு கேக்கற.

அக்கா: சாப்பிட்டியா இல்லையா, அதச் சொல்லு.

தங்கை: சாப்பிட்டேன். அம்மா பக்கத்துல நின்னு தட்ட எட்டிப் பாத்துட்டுத்தான் போனாங்க.

அக்கா: இப்ப எங்க?

தங்கை: பின் ரூம்ல. முடிஞ்ச இருபத்தேழு கோட்டுக்கும் இஸ்திரி போடறாங்க.

அக்கா: சரி, பதறாம சொல்லு. எம்பிராய்டரி மெஷின் என்ன பண்ணுது?

தங்கை: ஸ்கூல் சின்னத்துல விளக்கு வரைக்கும் ஒழுங்காத்தான் தைக்குது. சுடருக்கு வந்ததும் நூல் அறுந்துடுது. அஞ்சு தடவ. ஒரு ஊசி உடைஞ்சு என் கண்ணாடியில வந்து பட்டுச்சு.

அக்கா: அய்யய்யோ! கண்ணு?

தங்கை: கண்ணாடிலன்னு சொல்றேன்... கண்ணு பத்திரமா இருக்கு. உன்னை மொறைக்கறதுக்கு வேணும்ல.

அக்கா: கோட்டு ஏதாவது போச்சா?

தங்கை: இல்ல. வேஸ்ட் துணியிலதான் போட்டுப் பாத்தேன்.

அக்கா: அட! நீ என்னிக்குடி வேஸ்ட் துணியில போட்டுப் பாத்திருக்க?

தங்கை: திருந்திட்டேன்னு வெச்சுக்கோயேன்.

அக்கா: நேத்து வரைக்கும் இருபத்தேழு கோட்டு பழுதில்லாம வந்துச்சு. அதே டிசைன், அதே நூலு. இன்னைக்கு மட்டும் எப்படி...

தங்கை: அது தெரிஞ்சா நான் எதுக்கு உனக்கு போன் பண்றேன்? டிசைன மெயில்ல அனுப்பவா? சரி பண்ணி அனுப்பு.

அக்கா: என் லேப்டாப்ல அது திறக்காதுடி. சாவி குத்தியிருக்கற கம்ப்யூட்டர்ல மட்டும்தான் அந்த சாஃப்ட்வேர் ஓடும்.

தங்கை: பச்சை லைட் எரியுற குச்சிதானே? குத்தித்தான் இருக்கு.

அக்கா: அதத் தொடாத. போன மாசம் பென் டிரைவ்னு நெனச்சு அதப் புடுங்கின புண்ணியவதி நீ.

தங்கை: ஒரு தடவ புடுங்கினதுக்கு எத்தன தடவ சொல்லுவ?

அக்கா: உனக்குக் கல்யாணம் ஆகி, பேரன் பேத்தி எடுக்கற வரைக்கும். சரி, நானே அங்க வந்துடறேன்.

தங்கை: வர்றியா? எப்ப? பஸ்சுலயா?

அக்கா: ஸ்கிரீன் வழியாடி. டெஸ்க்டாப்ல சிவப்பா ஒரு ஐகான் போட்டுட்டு வந்தேனே, அதத் திற.

தங்கை: ஓ... அப்படி வர்றியா.

அக்கா: என்ன, குரல் எறங்கிடுச்சு?

தங்கை: ஒண்ணும் இல்ல. திறந்துட்டேன். ஒன்பது நம்பர் காட்டுது. அதுக்குக் கீழ ஆறு எழுத்து.

அக்கா: நம்பர் உன் கம்ப்யூட்டரோட விலாசம். ஆறு எழுத்து இன்னைக்கு மட்டும் செல்லுற பாஸ்வேர்டு. என்னைத் தவிர யாருக்கும் சொல்லாத. பேங்க்ல இருந்து பேசறேன், கம்பெனில இருந்து பேசறேன்னு எவன் கேட்டாலும் போன வெச்சுடு.

தங்கை: நீ அக்காதான்னு நான் எப்படி நம்பறது?

அக்கா: எட்டாங்கிளாஸ்ல சயின்ஸ் பரீட்சைக்கு பயந்து தெர்மாமீட்டர டீக்குள்ள முக்கினது யாரு?

தங்கை: நம்பர எழுதிக்கோ. எழுதிக்கோ தாயே.

அக்கா: ம்... போட்டாச்சு. இப்ப உன் ஸ்கிரீன்ல ஒரு கேள்வி வரும். 'ஏத்துக்கொள்' அழுத்து.

தங்கை: அழுத்தியாச்சு... ஐயோ, நம்ம மாடித் தோட்டம் போட்டோ எங்க போச்சு? எல்லாம் கறுப்பா இருக்கு!

அக்கா: போட்டோ எங்கயும் போகல. படம் வேகமா வரணும்னு பின்னாடி இருக்கறத மறைச்சுடும். நான் வெளிய வந்ததும் திரும்ப வரும்.

தங்கை: மவுஸ் தானா நகருது. நான் கைய வெக்கவே இல்ல... உடம்பெல்லாம் புல்லரிக்குது.

அக்கா: அது நான்தான். உன் கம்ப்யூட்டர்தான் வேலை செய்யுது. எனக்கு வர்றது அதோட படம் மட்டும். நான் இங்க கைய நகத்தினா, அந்த நகர்வு மட்டும் அங்க வருது. ஃபைல் எதுவும் இங்க வரல, அங்க போகல.

தங்கை: நீ பாட்டுக்கு வளைஞ்சு வளைஞ்சு போற. குடிச்சிருக்கியா?

அக்கா: நெட் மெதுவா இருக்கு. நீ மவுஸ விடு. ரெண்டு பேரும் இழுத்தா அது எங்க போகும்? சின்ன வயசுல போர்வைய இழுத்த மாதிரி இருக்கு.

தங்கை: அப்பவும் நீதான் ஜெயிச்ச.

அக்கா: ஏன்னா அப்பவும் கால் நீளம் எனக்குத்தான். இரு... சுடர் இது... அதுல தையல் நெருக்கம்... என்னடி இது? புள்ளி ரெண்டுன்னு இருக்கு! நான் புள்ளி நாலு வெச்சுட்டு வந்தேன்.

தங்கை: அப்படின்னா?

அக்கா: ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவுல இருக்கற தூரம். பாதியாக் கொறச்சா, ஒரே எடத்துல ரெண்டு மடங்கு நூல் ஏறும். ஊசி சூடாகும், நூல் அறும். யாரு இத மாத்தினது?

தங்கை: பூனை ஏறி நடந்திருக்கும்.

அக்கா: நம்ம வீட்ல பூனை ஏது?

தங்கை: பக்கத்து வீட்டுப் பூனை.

அக்கா: அது டிசைனிங் படிச்ச பூனையா? சரியா சுடர மட்டும் தேடிப் போய் மாத்தியிருக்கே. விளையாடாதடி, எனக்கு நெஜமாவே புரியல... சரி, நாலு ஆக்கிட்டேன். பென் டிரைவ்ல ஏத்திட்டேன். எடுத்துட்டுப் போய் மெஷின்ல போட்டு, வேஸ்ட் துணியில ஓட விடு. அந்த வேலைய என்னால இங்கேர்ந்து பண்ண முடியாது.

தங்கை: பின்ன, எல்லாத்தையும் நீயே பண்ணிட்டா நான் எதுக்கு?

அக்கா: போன ஸ்பீக்கர்ல போட்டு மெஷின் பக்கத்துல வை. சத்தம் கேக்கணும் எனக்கு.

தங்கை: வெச்சாச்சு. ஓடுது... கேக்குதா?

அக்கா: கேக்குது. விளக்கோட பிடி தைக்குது... இப்ப கிண்ணம்... வந்துச்சா சுடர்?

தங்கை: வந்துச்சு.

அக்கா: நல்லா மெத்துன்னு ஓடுது. அறலியா?

தங்கை: அறல. அழகா வருது. நாலு நாள் கழிச்சு இன்னைக்குத்தான் வீட்ல நீ இருக்கற மாதிரி இருக்கு.

அக்கா: ஏன், தெனமும் போன் பேசறேனே?

தங்கை: தெனமும் மூணு நிமிஷம். அதுல ரெண்டு நிமிஷம் அம்மாவோட மாத்திரை... உன் ட்ரெயினிங் எப்படிப் போகுது?

அக்கா: போகுது.

தங்கை: என்ன சொல்லித் தர்றாங்க?

அக்கா: மெஷின் ரிப்பேரு, சர்வீஸு... அந்த மாதிரி.

தங்கை: மெஷின் ரிப்பேர் கத்துக்க சர்டிஃபிகேட் ஃபைல் எதுக்கு?

அக்கா: எந்த ஃபைல்?

தங்கை: பீரோல நீல ஃபைல் இருந்த எடம் காலியா இருக்கு.

அக்கா: அது... ஐடி புரூஃப் கேட்டாங்க. இப்ப அடுத்த வேலையப் பாரு. மீதி ஒன்பது கோட்டும் டீச்சர்களோடதுதானே? சின்னத்துக்குக் கீழ 'பயிற்றுநர்'னு வரணும்னு நேத்து மெசேஜ் போட்டிருந்தாங்களே.

தங்கை: அந்த எழுத்துப் பெட்டியில எனக்கு டைப் பண்ண வராது. நீயே பண்ணு.

அக்கா: இங்கேர்ந்து தமிழ்ல அடிச்சா அங்க கட்டம் கட்டமா விழுது. நான் என் லேப்டாப்ல அடிச்சுக் காப்பி பண்ணிட்டேன். நீ அங்க ஒட்டினாப் போதும்.

தங்கை: நீ அங்க காப்பி பண்ணா, நான் இங்க எப்படி ஒட்ட முடியும்?

அக்கா: சேந்திருக்கற வரைக்கும் ரெண்டு கம்ப்யூட்டருக்கும் காப்பி பண்றது பொது. ஒரே பாக்கெட்டுன்னு வெச்சுக்கோ. அங்க இந்த ஓட்டம் முடியட்டும், முடிஞ்சதும் ஒட்டு. அதுக்குள்ள நான் இங்க ஒரு சின்ன வேலை பாத்துடறேன்.

தங்கை: என்ன வேலை?

அக்கா: ஒரு மெயில்.

தங்கை: நியாயமே இல்ல இது. என் ஸ்கிரீன்ல இருக்கறதெல்லாம் உனக்குத் தெரியுது. உன்னோடது எனக்கு ஒண்ணும் தெரியல.

அக்கா: அதுக்குத்தான் அக்காவாப் பொறக்கணும்.

தங்கை: ...மெஷின் நின்னுடுச்சு. சுடர் ஜம்முன்னு இருக்கு. கம்ப்யூட்டர்கிட்ட வந்துட்டேன். ஒட்டவா?

அக்கா: ஒட்டு, ஒட்டு.

தங்கை: ஒட்டியாச்சு... அக்கா, இது என்ன இவ்வளவு பெருசா விழுது? 'தாங்கள் அளித்த பணி வாய்ப்புக்கு...'

அக்கா: அத அழி!

தங்கை: '...மனமார்ந்த நன்றி. குடும்பச் சூழ்நிலை காரணமாக...'

அக்கா: படிக்காதடி, அழி! ஐயோ, நான் வேற ஒண்ணக் காப்பி பண்ணி... குடு, மவுஸக் குடு, நான் அழிக்கறேன்.

தங்கை: தொடாத. '...என்னால் இப்பணியில் சேர இயலவில்லை என்பதை வருத்தத்துடன்...' அக்கா.

அக்கா: ம்.

தங்கை: ட்ரெயினிங்னு சொன்ன.

அக்கா: மெதுவாப் பேசு. அம்மாவுக்குக் கேக்கும்.

தங்கை: கதவச் சாத்திட்டேன். சொல்லு. என்ன வேலை இது?

அக்கா: ஒரு ஆராய்ச்சிக்கூடம். நம்மகிட்ட இருக்கற மாதிரியே எம்பிராய்டரி மெஷின்தான். ஆனா துணியில பூப் போடறதில்ல. நூல்லயே உடம்புக்குள்ள வெக்கற வலை தைக்கறாங்க. கிழிஞ்ச தசைய டாக்டர் அந்த வலைய வெச்சுத்தான் சேப்பாரு. ஒரு வலைய என் கையில குடுத்தாங்க, பாக்கணுமே நீ... கொசு ரெக்கை மாதிரி இருக்கு. இழுத்தா கிழியாது.

தங்கை: அதுக்கு ஆளு கேட்டாங்களா?

அக்கா: தையலுக்கு டிசைன் போடத் தெரிஞ்சு, சயின்ஸும் படிச்ச ஆளு வேணுமாம். மூணு நாளா டெஸ்ட். நேத்து கூப்பிட்டு வேலையக் குடுத்துட்டாங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும்.

தங்கை: நீ முடியாதுன்னு எழுதி வெச்சிருக்க.

அக்கா: எழுதி வெச்சேன். ரெண்டு எழுத்துப் பிழை இருந்துச்சு, திருத்த எடுத்தேன்... அது உன்கிட்ட வந்து விழுந்துடுச்சு.

தங்கை: எதுக்குக்கா முடியாது?

அக்கா: எதுக்கா? போன மாசம் சாவியப் புடுங்கின. அதுக்கு முந்தின மாசம் நூல் கலர் மாத்திப் போட்ட. இன்னைக்கு நூல் அறுந்ததும் எனக்கு போன். அம்மாவால இஸ்திரிக்கு மேல முடியாது. கடைய யாரு பாக்கறது? நான் தெனமும் அங்கேர்ந்து மவுஸ் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா?... அழறியா?

தங்கை: இல்ல. மணி என்ன?

அக்கா: ரெண்டு அஞ்சு.

தங்கை: சரி... இப்ப உன் மவுஸ நகத்திப் பாரு.

அக்கா: நகரல. கட் ஆயிடுச்சா?

தங்கை: கட் ஆகல. மேல ஒரு பட்டையில 'கட்டுப்பாடு'ன்னு இருந்துச்சு. எடுத்துட்டேன். இனிமே நீ பாக்கலாம், தொட முடியாது.

அக்கா: ஏய்! ஒன்பது கோட்டுடி!

தங்கை: தெரியும். உக்காந்து பாரு.

அக்கா: எழுத்துப் பெட்டியில டைப் பண்ண வராதுன்ன?

தங்கை: இதோ... 'பயிற்றுநர்'. வந்துடுச்சு.

அக்கா: நெசமாவா? எப்போ கத்துக்கிட்ட?

தங்கை: பேசாத. எழுத்து நடுவுல வரணும்... ம். ஏத்திட்டேன். மெஷின்கிட்ட போறேன். முதல் கோட்டு.

அக்கா: வேஸ்ட் துணியில ஒரு தடவ...

தங்கை: டைம் இல்ல. சுடர் சரியாத்தான் வந்துச்சு. ஓட விடறேன்.

அக்கா: சத்தம் வேற மாதிரி இருக்கே. கனமாக் கேக்குது.

தங்கை: இரு... நிறுத்திட்டேன். அக்கா, சுடருக்கும் அதச் சுத்தி வர்ற விளிம்புக்கும் நடுவுல வெள்ளையா இடைவெளி தெரியுது. ஒரு நூல் அளவு.

அக்கா: நெருக்கம் சரிதானே? நாலுதான் இருக்கு, எனக்கு இங்க தெரியுது. ஸ்கிரீன்ல இடைவெளியே இல்ல.

தங்கை: ஸ்கிரீன்ல தெரியாது. துணியில தெரியுது. உனக்குத்தான் துணி வராதே.

அக்கா: போட்டோ எடுத்து அனுப்பு. நெருக்கத்த மூணரை ஆக்கலாமா... இல்ல, விளிம்ப நகத்தலாமா... கட்டுப்பாட்டக் குடுடி, நான் ரெண்டு நிமிஷத்துல...

தங்கை: இரு, யோசிக்கறேன்... இது டீச்சர் கோட்டு. தொட்டுப் பாத்தா பிள்ளைங்க கோட்ட விடக் கனமா இருக்கு. கொஞ்சம் இழுபடுது வேற. நூல் இறுகும்போது துணி உள்ள சுருங்குது. அதான் சுடர் ஒல்லியாயிடுது. நெருக்கத்துல பிரச்சினை இல்ல.

அக்கா: ...ஆமா.

தங்கை: அப்போ சுடர ரெண்டு பக்கமும் கொஞ்சம் அகலமா விடணும். சுருங்கினாலும் விளிம்பு வரைக்கும் வந்து நிக்கும். அடியில ஒட்டற தாளையும் ரெண்டாப் போடறேன்.

அக்கா: எவ்வளவு அகலம்?

தங்கை: புள்ளி மூணு மில்லிமீட்டர்.

அக்கா: நான் புள்ளி ரெண்டுன்னு சொல்லியிருப்பேன்.

தங்கை: நீ துணியத் தொட்டுப் பாக்கல. மூணு. இதோ மாத்திட்டேன், பாத்தியா?

அக்கா: பாத்தேன். சரியான எடத்துக்கு நேரா போன. நான் ஒரு தடவகூட உனக்கு அதக் காட்டினதில்லையே...

தங்கை: உன் முதுகுக்குப் பின்னாடி ரெண்டு வருஷமா நிக்கறேன். முதுகு மட்டுமா தெரியும்?

அக்கா: அந்த முதல் கோட்டு?

தங்கை: நூலப் பிரிச்சு எடுத்துட்டு, ஆவி காட்டித் திரும்பத் தைச்சுக்கலாம். அது கடைசியா. இப்ப ரெண்டாவது கோட்டு ஓடுது. சத்தத்தக் கேளு.

அக்கா: ...மெத்துன்னு இருக்கு.

தங்கை: இடைவெளி?

அக்கா: என்னையா கேக்கற?

தங்கை: இல்ல. எனக்கு நானே கேட்டுக்கிட்டேன். இடைவெளி இல்ல.

•

தங்கை: அக்கா, இருக்கியா? ஆறு முடிஞ்சது.

அக்கா: இருக்கேன். இன்னும் பாத்துட்டேதான் இருக்கேன்.

தங்கை: ஸ்கிரீன்ல ஒண்ணுமே நடக்கலையே. நான் மெஷின்கிட்ட இருக்கேன்.

அக்கா: பரவால்ல. ஜன்னல் மாதிரி இருக்கு. சும்மா பாத்துட்டு இருக்கேன்.

தங்கை: அம்மா வந்து கேட்டாங்க, யாரோடடி ரெண்டு மணி நேரமாப் பேச்சுன்னு. கஸ்டமர்னு சொன்னேன்.

அக்கா: என்ன சொன்னாங்க?

தங்கை: கஸ்டமருக்கு என்னடி இவ்வளவு செல்லம்னாங்க.

•

தங்கை: வேன் போயிடுச்சு. முப்பத்தாறு. அந்த டிரைவர் அண்ணன் ஒண்ணு ஒண்ணா எண்ணிப் பாத்தாரு. கூட வந்த வார்டன் அம்மா டீச்சர் கோட்டு ஒண்ண எடுத்துத் தடவிப் பாத்துட்டு, பிள்ளைங்களோடத விட இது நல்லா வந்திருக்குன்னாங்க.

அக்கா: பிரிச்சுத் தைச்சது?

தங்கை: எதுன்னு எனக்கே தெரியல.

அக்கா: என் தங்கம்டி நீ.

தங்கை: நாலு முப்பத்தெட்டு. மெயில அழிச்சுட்டு வேற எழுது. 'மகிழ்ச்சியுடன் சேருகிறேன்'னு எழுது. சொல்லச் சொல்ல நான் காப்பி பண்ணித் தரவா? ஒரே பாக்கெட்டுதானே.

அக்கா: இருடி.

தங்கை: என்ன இரு? இருபத்திரண்டு நிமிஷம்தான் இருக்கு.

அக்கா: இன்னைக்கு நீ பண்ணினது... நான் கனவுல கூட நெனக்கல. அது வேற. ஆனா இன்னைக்கு உன் காதுல நான் இருந்தேன். அந்த நெருக்கம் புள்ளி ரெண்டு ஆனது எப்படின்னு இப்ப வரைக்கும் நமக்குத் தெரியல. நான் வந்து பாத்ததாலதான் தெரிஞ்சுது. நாளைக்கு நூறு கோட்டு நடுவுல இருக்கும்போது எதுவோ தானா மாறுது, நான் லேப்ல இருக்கேன், போன் வெளிய வெச்சுட்டுத்தான் உள்ள போகணும்... அப்ப நீ என்ன பண்ணுவ? எனக்கு அதுதான் பயமா இருக்கு. தையலப் பத்தி பயமே இல்ல. ஏன்னு தெரியாம ஒண்ணு கெட்டுப் போறது இருக்கே... அதுக்குத்தான் நான் வீட்ல இருக்கணும்னு தோணுது. கோவமா?

தங்கை: இல்ல.

அக்கா: அப்ப நான் அந்த மெயில அனுப்பிடறேன். அடுத்த வருஷம் வேற எடம் வராமலா போயிடும். அம்மாகிட்ட சொல்லாத. சனிக்கிழமை காலைல வந்துடுவேன்.

தங்கை: அனுப்பாத.

அக்கா: ஏன்டி?

தங்கை: கைய எடு. மவுஸ்ல இருந்து கைய எடுத்துட்டேன்னு சொல்லு.

அக்கா: எடுத்துட்டேன். என்னடி ஆச்சு?

தங்கை: அது தானா மாறல அக்கா. நான்தான் மாத்தினேன். காலைல ஒன்பது மணிக்கு, நாலா இருந்தத ரெண்டாக்கி, வேஸ்ட் துணியில ஊசி உடையற வரைக்கும் தைச்சேன். நீல ஃபைல் இல்லாதத நீ கெளம்பின அன்னைக்கே பாத்துட்டேன், வேலைக்குத்தான் போயிருக்கன்னு தெரிஞ்சுது... என்னால முடியாதுன்னு நீ நெனச்சாத்தான் திரும்பி வருவன்னு அப்படிப் பண்ணேன்.